பொன்னழகி: மலையடிவாரத்தின் பெரிய வண்ணத்துப்பூச்சி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறும் பாதையில் பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்தவர்கள், பர்லியாறு பழக்கடைகளில் இறங்கி நின்றவர்கள், கூடலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் என்று பலரும் இந்தப் பூச்சியைப் பற்றிக் கேட்கிறார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருப்பதால் பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கருப்பும் மஞ்சளுமாகக் குருவி அளவில் ஒன்று பறந்து போனது. அது வண்ணத்துப்பூச்சிதானா?

ஆம், பொன்னழகி. சிறகுகளை விரித்தால் 14 முதல் 19 சென்டிமீட்டர் வரை இருக்கும். பெரிய பூச்சியின் விரிப்பு சிட்டுக்குருவியின் சிறகு விரிப்பை நெருங்கிவிடும் என்பதால் நீங்கள் குழம்பியதில் வியப்பில்லை. முன்சிறகு நீண்டு ஒடுங்கி, பட்டுப்போன்ற கருப்பில் இருக்கும். பின்சிறகு பளிச்சென்ற பொன்மஞ்சள். பின்சிறகில் வால் கிடையாது.

நிறத்தைவிடப் பறக்கும் விதத்தை வைத்து அடையாளம் காண்பது எளிது. மற்ற வண்ணத்துப்பூச்சிகள் தத்தித் தத்திப் போகும். இது நாலைந்து முறை சிறகடித்துவிட்டு, மரங்களின் உச்சிக்கு மேல் சிறகை அசைக்காமல் மிதக்கும். கருப்பில் நீலம் கலந்து பெரிதாக ஒன்று தாழப் பறந்திருந்தால் அது நீல அழகி, வேறு இனம்.

அறிவியல் பெயர் ட்ரோய்டீஸ் மினோஸ். விவரித்துப் பெயரிட்டவர் டச்சுக்காரரான பீட்டர் கிராமர், அது வெளியானது 1779இல். தீபகற்ப இந்தியாவைத் தவிர உலகில் வேறெங்கும் இது கிடையாது. வடகிழக்கு மாநிலங்களில் இதன் நெருங்கிய உறவினர் ஒன்று உண்டு. நெடுங்காலம் இரண்டையும் ஒரே இனமாகத்தான் எண்ணியிருந்தார்கள்.

இந்தியாவிலேயே பெரிய வண்ணத்துப்பூச்சி இதுதானே?

2020 வரை அப்படித்தான் எழுதினோம். பிரிகேடியர் எவான்ஸ் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி 1932இல் பதிந்த 190 மில்லிமீட்டர் அளவுதான் 88 ஆண்டுகள் சாதனையாக நின்றது. பிறகு உத்தராகண்டின் திதிஹாட்டில் கிடைத்த இமயமலை இனம் ஒன்றின் பெண்பூச்சி 194 மில்லிமீட்டர் இருந்தது. நான்கு மில்லிமீட்டரில் பட்டம் வடக்கே போய்விட்டது. தென்னாட்டில் இன்றும் பெரியது பொன்னழகியே.

ஆண் எது, பெண் எது?

பின்சிறகைப் பாருங்கள். ஆணுக்கு மஞ்சள் பரப்பு ஏறக்குறைய மாசில்லாமல் இருக்கும், ஓரத்தில் மட்டும் கருப்பு. பெண்ணுக்கு மஞ்சளுக்குள்ளேயே முக்கோணக் கரும்புள்ளிகள் வரிசையாக இருக்கும். பெண்தான் பெரியது.

தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சி இதுவா?

இல்லை. நம்முடையது தமிழ் மறவன், 2019இல் அறிவித்தார்கள். பொன்னழகி கர்நாடகத்தின் மாநில வண்ணத்துப்பூச்சி. பூச்சிக்கு எல்லைச் சாவடி கிடையாது. கூடலூரிலிருந்து வடக்கே பறந்தால் கர்நாடகம், மேற்கே பறந்தால் கேரளம்.

நீலகிரியில் எங்கே பார்க்கலாம்? ஊட்டியில் பூங்கா பூங்காவாக அலைந்தும் கிடைக்கவில்லை.

ஊட்டியில் தேடினால் கிடைக்காது. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பொன்னழகி வெதுவெதுப்பான அடிவாரங்களையும் நடுமலைச் சரிவுகளையும் விரும்புவது. அதன் புழு தின்னும் கொடி குளிர்ந்த உச்சிகளில் வளராது. ஊட்டியின் சோலைக்காடுகளில் உங்கள் கண்ணில் படக்கூடியவை வேறு. அங்கே புல்வெளியின் வயலட் செடிகளை நம்பி வாழும் பூச்சிகள் உண்டு, பால்வடியும் கொடிகளை நம்பி வாழும் வரியன் வகை வண்ணத்துப்பூச்சிகளும் உண்டு. அவையும் இந்த மலைத்தொடருக்கே உரியவைதான். ஆனால் நீங்கள் கேட்டது அவற்றை அல்ல.

மலை ரயில் பல்சக்கரத்தைப் பிடித்து ஏறத் தொடங்கும் கல்லாறு, அதற்கு மேலே பர்லியாறு, குன்னூர் மலைப்பாதையின் கீழ்ப்பாதி, கோத்தகிரியின் தாழ்ந்த சரிவுகள், மேற்கே கூடலூர் வட்டாரம் ஆகியவைதான் இதன் இடங்கள். பழனி மலையைச் சேர்ந்தவர்கள் கொடைக்கானலுக்கு ஏற வேண்டாம். தாண்டிக்குடி, பண்ணைக்காடு போன்ற கீழ்மலைக் காப்பித் தோட்டங்களின் ஓரங்களைப் பாருங்கள்.

ஆண்டு முழுவதும் பறக்கும் என்றாலும் மழைக்காலத்திலும் அதை ஒட்டிய மாதங்களிலும்தான் நிறையக் கிடைக்கும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கூடலூர்ச் சரிவு தென்மேற்குப் பருவமழையில் நனைவது. கல்லாறும் குன்னூர்ச் சரிவும் வடகிழக்குப் பருவமழையை நம்பியிருப்பவை. ஆகவே ஒரே மாவட்டத்துக்குள் இரண்டு வேறு காலக்கணக்குகள். ஆகஸ்டில் கல்லாற்றில் ஏமாந்தவர் கூடலூர்ப் பக்கம் போய்ப் பார்க்கலாம்.

காலையில் வெயில் ஏறத் தொடங்கியதும் பூக்களைத் தேடி இறங்கும். அப்போதுதான் படம் எடுக்க வாகு. பூவில் உட்கார்ந்தாலும் முன்சிறகு துடித்துக்கொண்டே இருக்கும். உங்கள் படத்தில் மஞ்சள் தெளிவாகவும் கருப்பு கலங்கலாகவும் விழுந்தால் குறை கேமராவுடையதல்ல. வெயில் உச்சிக்கு வந்தபின் அவை மர உச்சிக்குப் போய்விடும், கழுத்து வலிதான் மிச்சம்.

கல்லாறு யானைகள் கடக்கும் இடம். பூச்சியின் பின்னாலே ஓடை வழியாகத் தனியே இறங்காதீர்கள். சாலையோரத்து உண்ணிச்செடிப் புதர் போதும்.

என் தோட்டம் முழுக்கப் பூச்செடிகள். ஆனாலும் பொன்னழகி வந்து தேன் குடித்துவிட்டுப் போய்விடுகிறது, தங்குவதே இல்லை. ஏன்?

வருகிற கேள்விகளில் முக்கியமானது இது என்பேன். பூ, வளர்ந்த பூச்சிக்குத்தான் உணவு. அது பல பூக்களில் குடிக்கும்: உண்ணிச்செடி, இட்லிப்பூ, வெள்ளிமடந்தை என்று எது கிடைத்தாலும் சரி. புழுவுக்கோ அந்தத் தாராளம் கிடையாது. ஈஸ்வரமூலிக் கொடி, அல்லது அதே குடும்பத்தைச் சேர்ந்த மிகச் சில செடிகள். அவற்றின் இலை இல்லையென்றால் புழு பட்டினியில் சாகும், பக்கத்துச் செடியைக் கடித்துப் பார்க்கவும் மாட்டாது.

தாய்ப்பூச்சிக்கு இது தெரியும். முட்டையிட வந்த பெண்ணைக் கவனித்தால் நடத்தையே வேறாக இருக்கும். உயரத்தை விட்டு இறங்கி, புதருக்குள் தாழ்வாக, மெதுவாக, இலை இலையாகத் தொட்டுக்கொண்டு போகும். அதன் முன்கால்களில் சுவை அறியும் உணர்விகள் இருக்கின்றன. காலால் தட்டிப் பார்த்தே இலை சரியானதா என்று முடிவு செய்யும். சரியென்றால் இலையின் அடியிலோ தளிரிலோ உருண்டையான ஒரு முட்டை வைக்கும். ஒரு இடத்தில் ஒன்றுதான், குவியலாக இடாது. காரணம் உண்டு. ஒரு புழு வளர்ந்து முடிப்பதற்குள் கொடியின் கணிசமான பகுதியைத் தின்றுவிடும், இலை தீர்ந்தால் தண்டையும் கடிக்கும். ஒரே கொடியில் பத்து முட்டை என்றால் ஒன்றும் தேறாது.

உங்கள் தோட்டம் அதற்கு ஓட்டல். குடித்தனம் நடத்த ஈஸ்வரமூலி வேண்டும். காப்பிச் செடிகளுக்கிடையிலும் வேலியோரத்திலும் தானாக முளைக்கும் இந்தக் கொடியைக் களையென்று பிடுங்குகிறார்கள், அல்லது களைக்கொல்லி அடிக்கிறார்கள். பிறகு பூச்சி முன்போல வருவதில்லை என்று வெயிலையும் செல்போன் கோபுரத்தையும் குறை சொல்கிறார்கள். அந்தக் கோபுரத்தின்மேல் எனக்குப் பாசம் ஒன்றும் இல்லை. ஆனால் வேலியைச் சுத்தம் செய்தது யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

கொடியை எப்படி அடையாளம் காண்பது?

அடர்ந்து படராத மெல்லிய சுற்றுக்கொடி. அடியில் தண்டு கட்டையாக இருக்கும். இலையைக் கசக்கினால் காட்டமான வாசனை வரும். பெருமருந்து என்றும் சில ஊர்களில் சொல்வார்கள். ஈரமான காடுகளில் இதன் உறவுக்கொடி ஒன்று அகன்ற இதய வடிவ இலைகளோடு மரங்களின் மேல் ஏறும், அதுவும் பொன்னழகிக்கு ஏற்றது. கொடியாக இல்லாமல் சிறு புதராக நிழலில் நிற்கும் தோட்டியா என்ற செடியிலும் முட்டையிடும். சமவெளிக் கரிசலில் தரையோடு படரும் ஆடுதீண்டாப்பாளையும் இந்தக் குடும்பம்தான். அதை ரோஜா அழகி, சிவப்புடல் அழகி என்ற வேறு இரண்டு வண்ணத்துப்பூச்சிகளின் புழுக்கள் தின்னும்.

பூவை ஒருமுறை பார்த்தால் மறக்க மாட்டீர்கள். அடியில் உருண்ட அறை, அதிலிருந்து குறுகிய குழாய், முடிவில் கருஞ்சிவப்பு நாக்கு. வாசனையை நம்பிச் சின்னஞ்சிறு ஈக்கள் உள்ளே நுழையும். குழாயின் உட்புற மயிர்கள் உள்நோக்கிச் சாய்ந்திருப்பதால் போகலாம், திரும்ப முடியாது. முதலில் பூவின் பெண்பாகம் பக்குவமாகும், ஈ கொண்டுவந்த மகரந்தத்தைப் பெற்றுக்கொள்ளும். பிறகு ஆண்பாகம் வெடித்து ஈயின்மேல் புது மகரந்தத்தைப் பூசும். அதற்குப்பின் மயிர்கள் வாடி விழ, ஈ விடுதலையாகி அடுத்த பூவில் போய் மாட்டிக்கொள்ளும். இவ்வளவு பெரிய வண்ணத்துப்பூச்சியின் வாழ்வு, மகரந்தம் சுமக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத ஈயையும் நம்பித்தான் நடக்கிறது.

காய் முற்றினால் காம்பும் சேர்ந்து பிளந்து, கயிறு கட்டித் தொங்கவிட்ட குட்டிக் கூடைபோல ஆடும். உள்ளே தட்டையான விதைகள் இருக்கும்.

கொடியில் முள்முள்ளாகக் கருஞ்சிவப்புப் புழு. கையால் எடுக்கலாமா?

எடுக்க வேண்டிய தேவை இல்லை, எடுத்தாலும் ஆபத்தில்லை. முள்போலத் தெரிபவை மென்மையான சதை நீட்சிகள், குத்தாது, அரிக்காது. முருங்கைக் கம்பளிப்புழுவை நினைத்துப் பயப்படுகிறார்கள். உடலின் நடுவே வெளிறிய பட்டை ஒன்று சாய்வாக ஓடினால் பெரும்பாலும் பொன்னழகியின் புழுதான். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை வடிவில் ஓர் உறுப்பை நீட்டும். அதன் நெடி எறும்பையும் குளவியையும் விரட்டுவதற்கு.

முழுதாக வளர்ந்த புழு பெரும்பாலும் கொடியை விட்டு விலகி, பக்கத்துச் செடியின் இலைக்கடியிலோ குச்சியிலோ கூட்டுப்புழுவாகும். வால் முனையை ஒட்டிக்கொண்டு, இடுப்பில் பட்டு நூல் ஒன்றைக் கட்டிச் சாய்ந்து நிற்கும். சுருண்ட காய்ந்த இலை என்றே தோன்றும். இந்த வகைப் பூச்சிகளின் கூட்டுப்புழுவைத் தொட்டால் சீறுவது போன்ற ஓசை வரும், உடல் வளையங்களின் உரசல்தான். கேட்டதும் கையை எடுத்துவிடுவீர்கள். அதற்குத்தான் அந்த ஓசை.

இந்தப் பூச்சி விஷமா? சிறகுப் பொடி கண்ணில் பட்டால் பார்வை போகுமாமே?

பார்வை போகாது. அந்தப் பொடி நுண்ணிய செதில்கள், தூசி பட்டதுபோல உறுத்தும், தண்ணீரில் கழுவினால் போதும்.

விஷம் என்பது உண்மை, ஆனால் தின்பவருக்குத்தான். புழு இலையோடு சேர்த்து விழுங்கும் நச்சு அமிலங்கள் அதன் உடலிலேயே தங்கி, சிறகு முளைத்த பிறகும் கூட இருக்கின்றன. ஒருமுறை கொத்திப் பார்த்த பறவை மறுமுறை கருப்பு–மஞ்சளை விட்டு விலகிப் போகும். பொன்னழகி அவ்வளவு அலட்சியமாக, பட்டப்பகலில், வெட்டவெளியில் மிதப்பதன் காரணம் இதுதான்.

இந்தப் பாதுகாப்பைத் திருடிப் பிழைப்பவையும் உண்டு. ரோஜா அழகியும் சிவப்புடல் அழகியும் இதே குடும்பத்துச் செடிகளைத் தின்று நஞ்சேறியவை. நம் வீட்டுக் கறிவேப்பிலையில் புழுவாக வளரும் கறிவேப்பிலை அழகிக்கு நஞ்சே கிடையாது. ஆனால் அதன் பெண்களில் சில ரோஜா அழகியைப் போலவும், சில சிவப்புடல் அழகியைப் போலவும், சில தன் இனத்து ஆணைப் போலவும் பிறக்கின்றன. மூன்றுமே ஒரே தாயின் வழியில் வரலாம்.

ஈஸ்வரமூலி பாம்புக்கடிக்கு மருந்தாமே? வேரை வாங்கி வைக்கலாமா?

வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. பாம்பு கடித்தால் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்கள், நஞ்சுமுறிவு மருந்து அங்கேதான் இருக்கிறது. அந்த மருந்து செய்யத் தேவையான நஞ்சைப் பாம்பிலிருந்து எடுத்துத் தருபவர்கள், சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் கூட்டுறவுச் சங்கம் வைத்திருக்கும் நம் இருளர்கள். பாம்பை அவர்களைவிட அறிந்தவர் யார்?

அதோடு, இந்தக் குடும்பச் செடிகளிலுள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் மனிதச் சிறுநீரகத்தைச் சிதைக்கும், புற்றுநோயையும் உண்டாக்கும். 1990களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களுக்குச் சிறுநீரகம் பழுதானது. மாத்திரையில் ஒரு சீன மூலிகைக்குப் பதிலாக இந்தக் குடும்பத்துச் செடி கலந்துவிட்டிருந்தது. டான்யூப் ஆற்றங்கரைக் கிராமங்களில் தலைமுறை தலைமுறையாக இருந்த சிறுநீரக நோய்க்கும் கோதுமையோடு கலந்து அரைபட்ட இதே குடும்பத்து விதைதான் காரணம் என்று கண்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவற்றின் முதல் தொகுதியில் வைத்திருக்கிறது. பாரம்பரிய வைத்தியத்தின்மேல் எனக்கு மதிப்பு உண்டு. அந்த மதிப்புக்காக இதை மறைக்க முடியாது.

வேருக்காகப் பிடுங்கும்போது கொடியே போய்விடுகிறது என்பது பூச்சியின் பக்கத்து நியாயம். புழு தின்ற கொடி அடித்தண்டிலிருந்து மீண்டும் துளிர்க்கும், வேரோடு போனது துளிர்க்காது.

உண்ணிச்செடியை அழிக்க வேண்டும் என்கிறார்கள். அழித்தால் பொன்னழகிக்குத் தேன் எது?

உண்ணிச்செடி வெளியிலிருந்து வந்து முதுமலையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டது. புல்லை முளைக்கவிடாது, மரக்கன்றையும் கொடியையும் எழவிடாது. தேனுக்கு இட்லிப்பூவின் காட்டு உறவுகள், வெள்ளிமடந்தை என்று மாற்று உண்டு. இலைக்கு மாற்று இல்லை. அடைப்பை எடுத்தால் கொடிக்கு இடம் கிடைக்கும். ஒரே நாளில் மலைச்சரிவு முழுவதையும் மொட்டையடிக்காமல் பகுதி பகுதியாக எடுத்தால் பூச்சிக்கும் சிரமமில்லை.

நர்சரியில் இதே குடும்பம் என்று புள்ளிபோட்ட பெரிய பூக்கொடி விற்கிறார்கள். நடலாமா?

நடாதீர்கள். அது தென்னமெரிக்காவிலிருந்து வந்த அழகுக்கொடி. ஆஸ்திரேலியாவில் பொன்னழகியின் உறவினமான ரிச்மண்ட் பூச்சி, வாசனையில் ஏமாந்து அந்தக் கொடியில் முட்டையிடுகிறது, அதைத் தின்ற புழுக்கள் செத்துப்போகின்றன. அங்கே மக்களே முன்வந்து அந்தக் கொடியை அகற்றி, காட்டுக்கொடியை நட்டார்கள். நம் பூச்சியை வைத்து அதே சோதனையைச் செய்து பார்ப்பானேன்?

அக்டோபரில் கல்லாற்றில் ஆயிரக்கணக்கில் பறந்தவை பொன்னழகிகளா?

இல்லை. நீல வரியன், கருநீல வரியன், வெண்புள்ளிக் கருப்பன் வகையறா. பருவமழையை ஒட்டிச் சமவெளிக்கும் மேற்குமலைக்கும் இடையே இடம்பெயர்பவை. பொன்னழகி கூட்டம் சேராது.

முட்டையையோ புழுவையோ வீட்டுக்குக் கொண்டுவந்து வளர்க்கலாமா? பள்ளிப் பிள்ளைகளுக்குக் காட்டத்தான்.

காட்டிலிருந்து எதையும் எடுக்க வனத்துறை அனுமதி வேண்டும். பொன்னழகி உடனடியாக அழியும் நிலையில் இல்லை, அழிவு ஆபத்தைக் கணிக்கும் உலகப் பட்டியலில் கவலை குறைந்த இனமாகவே இருக்கிறது. ஆனால் இந்த வகைப் பூச்சிகள் சேகரிப்பாளர் சந்தையில் விலைபோவதால், நாடு விட்டு நாடு விற்பதை சைட்டிஸ் என்ற பன்னாட்டு வனவுயிர் வணிக ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியல் கட்டுப்படுத்துகிறது.

பிள்ளைகளுக்குக் காட்டப் பள்ளி வேலியிலேயே கொடி வையுங்கள். முற்றிய விதையைப் பாதி நிழலுள்ள இடத்தில், நீர் தேங்காத மண்ணில் ஊன்றினால் முளைக்கும். பற்றி ஏற ஒரு கிளுவையோ கம்பி வேலியோ போதும். ஒன்றிரண்டு கொடி வைத்து நிறுத்தாதீர்கள், ஒரே புழு அதை மொட்டையாக்கிவிடும். வாய்க்கு வைக்காமல் இருக்கப் பிள்ளைகளிடம் சொல்லி வையுங்கள். மருந்து தெளிக்கக் கூடாது என்று தோட்டக்காரரிடமும் முதல் நாளே சொல்லிவிடுங்கள். இலை அரித்துக் கிடப்பதைப் பார்த்ததும் அவர் கை தெளிப்பானைத் தேடும்.